அப்பாவின் நடையும் அம்மாவின் பி.பி.யும்

போன மாதம் முழங்கால் வலியைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் மூன்று பேர், ஊர் வேறு ஆள் வேறு என்றாலும், ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ‘அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பி.பி. இருக்கிறது. இப்போது தினமும் நடக்கிறார், அளவும் சரியாக வருகிறது. இனி மாத்திரை எதற்கு என்கிறார். என்ன சொல்வது?’

நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வருடம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டிக் கடைசியில் காவிரி வரும். அதில் கடைசிக்கு முந்தின ஆற்றை ஒட்டி எங்கள் ஊர். அப்பாவுக்கு 74 வயது. பத்து மா நிலம். குறுவை, சம்பா, தாளடி என்று ஐம்பது வருடம் அந்த வரப்பிலேயே நடந்தவர். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேஷனுக்காகக் கூட்டிப்போனோம். ஆபரேஷனுக்கு முன்னால் பி.பி. பார்த்த நர்ஸ் முகம் மாறியது. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். 186-க்கு 88. “ஐயா, இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது. முதல்ல பி.பி.யைக் குறைச்சுட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா புலம்பிக்கொண்டே வந்தார். “பாடுபட்ட உடம்பும்மா இது. எனக்கு எப்படி பி.பி. வரும்? பேங்க்ல உக்காந்து வேலை பாத்தவனுக்குத்தானே வரணும்?”

நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தஞ்சாவூரில் நாங்கள் பார்க்கும் டாக்டர் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “மோட்டார்ல மாட்டுற ஓஸ் பைப் இருக்குல்ல ஐயா. புதுசுல கையால அமுக்குனா நெகிழும். பத்து வருஷம் வெயில்ல கெடந்தா வெறைச்சுப் போகும். அதே மோட்டார், அதே தண்ணி, ஆனா பைப்புக்குள்ள வேகம் கூடும். உங்க ரத்தக் குழாயும் அப்படித்தான்.” வயதானவர்களுக்குப் பெரும்பாலும் மேல் அளவு மட்டும் ஏறி, கீழ் அளவு சாதாரணமாகவோ குறைவாகவோ இருப்பதற்கு இதுதான் காரணம். அப்பாவின் 186-க்கு 88 அந்த வகைதான். ‘கீழ நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிடக் கூடாது. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கொண்டுவருவதில் இந்த மேல் அளவுக்குத்தான் முதியவர்களிடம் பெரிய பங்கு.

சரி, பாடுபட்ட உடம்பு? உலகத்தில் இதை முதன்முதலில் ஒழுங்காகக் கணக்கெடுத்தவர்களில் ஒருவர் ஜெர்ரி மோரிஸ் என்ற லண்டன் டாக்டர். அந்த ஊரின் மாடி பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார், ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு படிகள். ஒரே சம்பள வர்க்கம், ஒரே பஸ். ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தாலும் வயது தள்ளி வந்தது. 1953-ல் இது வெளியானபோது பலர் நம்பவில்லை. மோரிஸ் பிறகு இவர்களுடைய யூனிஃபார்ம் கால்சட்டை அளவுகளைக்கூட வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களுக்கு இடுப்பு பெரிது! மனிதர் தானும் விடாமல் உடற்பயிற்சி செய்து 99 வயது வரை இருந்தார், 2009-ல்தான் காலமானார்.

இதைச் சொன்னதும் அப்பா, “அப்ப நான் கண்டக்டர் கட்சிதானே?” என்றார். ஒரு காலத்தில் ஆமாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அப்பா கண்டக்டர் சீட்டிலிருந்து டிரைவர் சீட்டுக்கு மாறி ரொம்ப நாளாகிறது. அவருக்கே தெரியாமல் மாறிவிட்டார்.

நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது, ராத்திரி எத்தனை மணிக்கு மும்முனை கரண்ட் வந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு நடப்பார். இப்போது ஸ்டார்ட்டரில் சிம் கார்டு போட்டிருக்கிறது. படுத்துக்கொண்டே போன் அடித்தால் மோட்டார் ஓடும். அறுப்பு என்றால் முன்பு பத்து நாள் வயலுக்கும் களத்துக்கும் நடை. இன்று மிஷின் இறங்கினால் காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் நெல் டிராக்டரில் ஏறிவிடுகிறது. உழவு டிராக்டர், சில இடங்களில் நடவும் மிஷின். டீக்கடை அரை கிலோமீட்டர், அதற்கும் டி.வி.எஸ். 50. வேலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்தப் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலை போன இடத்தில் நாற்காலி வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. கூலி வேலையில் படும் பாடும், நாமாகச் செய்யும் பயிற்சியும் உடம்புக்கு ஒன்றல்ல என்று டென்மார்க்கில் சில ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். எட்டு மணி நேரம் குனிந்து, சுமந்து, ஓய்வில்லாமல் உழைக்கும்போது ரத்த அழுத்தம் அவ்வளவு நேரமும் ஏறியே இருக்கிறது. இதயத்துக்கு இளைப்பாற நேரமில்லை. அரை மணி நேர நடையில் ஏறுவது, பிறகு நன்றாக இறங்கிவிடுகிறது. எங்கள் ஊரில் நாற்பது வருடம் நடவு நட்ட பெண்கள் பலருக்கு இன்று பி.பி. மாத்திரை ஓடுகிறது. ‘உழைச்ச உடம்புக்கு ஒண்ணும் வராது’ என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

டாக்டர் ஒரு மாத்திரையும், தினம் அரை மணி நேர நடையும் எழுதிக்கொடுத்தார். கண் ஆபரேஷனும் அடுத்த மாதமே முடிந்தது. புரட்டாசியில் அப்பா நடக்க ஆரம்பித்தார், வாய்க்கால் கரையோடு போய், மதகு வரை. முதல் வாரம் பத்து நிமிடம். பிறகு கால் மணி. ஐப்பசி மழையில் கரை வழுக்கியதால் பதினைந்து நாள் கூடத்திலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். மார்கழியில் அரை மணி நேரம் சாதாரணமாகிவிட்டது. வேகம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு சுலபமான அளவு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. நாடித் துடிப்பை எண்ணி வேகம் வைக்கலாம்தான். ஆனால் சில பி.பி. மாத்திரைகள் துடிப்பையே குறைத்துவிடும், அவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது.

நான் ஒரு பி.பி. மிஷினும் வாங்கிக்கொடுத்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா கணக்கில் புலி. உரக்கடைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தினமும் பி.பி. எழுதினார். 134, 130, 128, 126. பொங்கலுக்குப் போனபோது நோட்டை எடுத்து நீட்டினார். “பாத்தியா? வாத்தியார் மார்க் போட்ட மாதிரி இருக்கா?” எனக்கும் சந்தோஷம். அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டுமில்லை, அம்மாவிடமும்தான்.

பங்குனியில் ஒரு சாயங்காலம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வேலையாக வீடு வீடாக வரும் பெண் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தொடங்கிய திட்டம் இது. பி.பி., சர்க்கரை பார்ப்பது, மாத்திரையை வீட்டுக்கே கொடுப்பது, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி என்று ஊர் ஊராக நடக்கிறது. 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. அந்தப் பெண் அப்பாவின் கையில் பட்டையைக் கட்டினார். 178-க்கு 86.

“தாத்தா, மாத்திரை போடுறீங்கதானே?”

அப்பா பதில் சொல்லாமல் நோட்டை எடுத்துக் காட்டினார். 126, 124, 130. இரண்டு மாதமாக மாத்திரை இல்லாமலே!

மறுநாள் நான் ஊருக்கு ஓடினேன். மிஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மிஷினையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு அப்பாவோடு டாக்டரிடம் போனோம். டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, இதை எப்பப் பாக்குறீங்க?”

“நடந்துட்டு வந்து, குளிச்சுட்டு, விபூதி பூசிட்டு உக்காந்து பாப்பேன். அமைதியா பாக்கணும்னுதானே சொன்னீங்க?”

டாக்டர் சிரித்தார். “அதான் விஷயம்.”

நடக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது. நடந்து முடித்து ஓய்ந்த பிறகு, நடப்பதற்கு முன் இருந்ததைவிடக் கீழே இறங்குகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து கிடப்பதால் வரும் இறக்கம் அது, சில மணி நேரம் நிற்கும். பி.பி. அதிகம் உள்ளவர்களிடம் இந்த இறக்கமும் நன்றாகவே தெரியும். அப்பா தினமும் அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டே அளந்திருக்கிறார். விடியற்காலையில் எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு என்று ஒருநாளும் பார்க்கவில்லை. போதாததற்கு, பொங்கல் வரை வந்த நல்ல அளவில் மாத்திரைக்கும் பங்கு இருந்தது. மார்க் முழுவதையும் நடைக்கே போட்டுவிட்டார்.

நடைக்கு எவ்வளவு மார்க் போடலாம்? பி.பி. உள்ளவர்கள் ஒழுங்காக நடந்தால் மேல் அளவு 5 முதல் 8 வரை குறையும் என்பதுதான் பொதுவான மருத்துவக் கணக்கு. சின்ன எண் மாதிரித் தெரியும். ஒரு மாத்திரை தருவதைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் 186-ல் இருப்பவர் நடையை மட்டும் நம்பி 140-க்கு வர முடியாது, கழித்துப் பார்த்தாலே தெரியும். 145, 148 என்று ஓரத்தில் இருப்பவருக்கு, டாக்டர் பார்த்துக்கொண்டே மாத்திரையைக் குறைக்க முடியலாம். குறைப்பது அவர் கையில், நம் கையில் இல்லை. நடையை விட்டால் சில வாரங்களில் அந்த 5, 8 திரும்ப ஏறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி எப்படி அளப்பது என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். காலையில் நடைக்கும் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டை இதயத்தின் உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். வீட்டில் 135-க்கு 85-ஐத் தாண்டினால் அதிகம் என்று கணக்கு. ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பதுதான் அப்பாவுக்குப் பெரிய சோதனை.

அப்பா ஒருவர் மட்டும் இப்படி இல்லை. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். எழுபதைத் தாண்டிய அப்பா அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

‘வயசோட நூறைக் கூட்டிக்க, அதான் பி.பி.’ என்று எங்கள் ஊரில் ஒரு வாய்ப்பாடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கில் அப்பாவுக்கு 174 சரி! எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மாத்திரை கொடுப்பது நல்லதா கெட்டதா என்று ஹைவெட் என்ற ஒரு பெரிய ஆய்வில் பார்த்தார்கள். 3,845 பேர். முடிவு 2008-ல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களில் பக்கவாதச் சாவு 39 சதவீதம் குறைவு, மொத்தச் சாவே 21 சதவீதம் குறைவு. எண்பதுக்கு மேலேயே இப்படி என்றால், 74-ல் ‘வயசாச்சு விடு’ என்பது என்ன நியாயம்?

மாத்திரை திரும்ப ஆரம்பித்தது. நடை தொடர்ந்தது. சித்திரை வந்தது.

டெல்டா வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பி.பி.க்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடையில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். வியர்வையும் போய், மாத்திரையால் நீரும் போனால் அழுத்தம் மடாரென்று இறங்கும். அப்பாவுக்கு அந்த மாத்திரை இல்லை, இருந்தாலும் ஒருநாள் களை பார்க்கக் குந்தி உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்ததும் கண் இருட்டி வரப்பில் சாய்ந்துவிட்டார். சேறுதான், அடிபடவில்லை. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து பார்த்த டாக்டர், நின்றால் அப்பாவுக்கு 20-க்கு மேல் இறங்குகிறது என்றார். வயதானவர்களுக்கு இது அடிக்கடி நடப்பது. ராத்திரி சிறுநீருக்கு எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை நாலு தடவை ஆட்டிவிட்டு எழ வேண்டும். பி.பி.யால் வரும் ஆபத்தைத் தடுக்கப் போய் இடுப்பெலும்பு உடைந்தால் என்ன லாபம்?

அதனால் நடையோடு கால் பலத்துக்கும் ஏதாவது செய்யச் சொன்னார். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது பலத்துக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொல்லியிருக்கிறது. அப்பா செய்வது இவ்வளவுதான்: திண்ணையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்கார்வது. பத்து தடவை. பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். நெல் மூட்டையைத் தூக்கும்போது ‘ம்ம்’ என்று மூச்சைப் பிடிப்போமே, அந்த நேரத்தில் அழுத்தம் எங்கேயோ போய்விடும்.

சமீபத்தில் போனில் ஒரு வீடியோ சுற்றுகிறது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருவது போல இரண்டு நிமிடம் நின்றால் பி.பி. பறந்துவிடும் என்று. முழுப் பொய் இல்லை. 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-ல் வந்த ஒரு கட்டுரையில், அசையாமல் தசையை இறுக்கி நிற்கும் இந்த வகைப் பயிற்சிகள் மேல் அளவைச் சராசரியாக 8.24 குறைத்தன, நடை, ஓட்டம் போன்றவை 4.49. ஆனால் அந்த வீடியோவில் நிற்கும் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தேய்ந்த முழங்காலோடு, கட்டுக்கு வராத பி.பி.யோடு இதை யாரையும் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். மேல் அளவு 180-க்குப் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் புதுப் பயிற்சியும் வேண்டாம், முதலில் டாக்டர். நடக்கும்போது நெஞ்சில் பாரம், வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். வாய் கோணினாலோ, கை தூக்க முடியாமல் போனாலோ 108-ஐ அழைக்க வேண்டும், கை வைத்தியத்துக்கு நேரமில்லை.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். எங்கள் ஊரில் நீராகாரத்தில் ஒரு கல் உப்பு, தொட்டுக்கொள்ள மாவடு, மதியம் குடமிளகாய் வற்றல், அப்பளம். காலை பத்து மணிக்கே பாதி டீஸ்பூன் உள்ளே போயிருக்கும். தஞ்சாவூர்க்காரரிடமிருந்து மோர் மிளகாயைப் பிடுங்குகிற தைரியம் எனக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஏதாவது ஒன்று என்று பேசி முடித்திருக்கிறோம்.

இவ்வளவும் அப்பாவைப் பற்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பங்குனியில் அந்தச் சுகாதாரப் பெண் வந்தாரே, அப்பாவுக்குப் பார்த்து முடித்துப் பட்டையை அவிழ்த்துவிட்டு, காபி கொண்டுவந்து வைத்த அம்மாவைப் பார்த்து, “பாட்டி, நீங்களும் கையை நீட்டுங்க” என்றாராம். “எனக்கு என்னத்துக்கும்மா? நாள் பூரா வீட்டு வேலை செஞ்சுக்கிட்டு இருக்கேன்” என்று அம்மா உள்ளே போகப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் விடவில்லை. 172-க்கு 94.

அம்மாவுக்கு 69 வயது. இரண்டு வருடமாக அப்பாவோடு எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார், பையைப் பிடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மிஷின் வாங்கிக்கொடுத்த நானும் அம்மாவின் கையில் அதைக் கட்டிப் பார்த்ததில்லை. தலைவலி, மயக்கம் எதுவும் அவர் சொன்னதில்லை. சொல்லும்படி எதுவும் இருந்திருக்காது, இந்த நோய் அப்படித்தான். அந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அப்பா, அடுத்த பக்கம் பால்காரர் கணக்கு. அம்மாவுக்கு இடமே இல்லை.

வீட்டு வேலை நடைக்குச் சமமா என்று டாக்டரிடம் கேட்டேன். “மூச்சு கொஞ்சம் வாங்குற அளவுக்குத் தொடர்ந்து செஞ்சா கணக்குல சேரும்மா. அடுப்புக்கிட்ட நிக்கிறது சேராது” என்றார். அம்மாவுக்கும் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. கொஞ்ச நாளில் கணுக்கால் லேசாக வீங்கியது. மாத்திரையை நிறுத்தப் பார்த்தவரைத் தடுத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். வேறு மாத்திரைக்கு மாற்றினார், வீக்கம் வடிந்தது.

நடக்கத்தான் வழி தெரியவில்லை. வாய்க்கால் கரையில் வெறுமனே கையை வீசிக்கொண்டு நடக்க அம்மாவுக்குக் கூச்சம். ‘எங்க போறீங்க?’ என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்கிறார். கடைசியில் ஐயாறப்பர் கோயில் கைகொடுத்தது. திருவையாற்றில் அந்தப் பிராகாரங்கள் எவ்வளவு விசாலம் என்று போனவர்களுக்குத் தெரியும். (நான் தஞ்சாவூரில் பெரிய கோயிலில் நடக்கிறேன். வெளிச்சுற்று ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். நாலு சுற்றில் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஆனால் கருங்கல் சுடுவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.) கோயிலுக்குப் போகிறேன் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் அல்லவா? வாரத்தில் ஐந்து நாள் அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய் இறங்கி, அரை மணி நேரம் சுற்றுகிறார்.

மூன்று கடிதக்காரர்களுக்கும் நான் தனியாக எழுதியது இரண்டே வரி. அப்பா எந்த நேரத்தில் அளக்கிறார் என்று கேளுங்கள். அம்மாவுக்குப் பார்த்தீர்களா?

போன வாரம் நோட்டைப் பார்த்தேன். அப்பாவே ஸ்கேல் வைத்து நடுவில் கோடு கிழித்திருக்கிறார். இடது பக்கம் அவர், காலை 138, சாயங்காலம் 134. வலது பக்கம் அம்மா, காலை 136, சாயங்காலம் 130. “ஒங்கம்மா நாலு பாயிண்ட்ல ஜெயிச்சுட்டா” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, “அவரு நேத்து ரெண்டு மோர் மிளகா தின்னாரு, அதையும் எழுதச் சொல்லு” என்றார்.